ஏழு மணிக் கூட்டத்தில் அம்மா

பதினான்கு. அதில் நான்கு ‘சரி’. நேற்று பதினேழு. குறைந்துகொண்டே போகிறது. இப்படியே போனால் அடுத்த மாதம் அம்மா தலையை ஆட்டுவதோடு நிறுத்திக்கொள்வாளோ?

தும்பி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ரொட்டியை மென்றபடியே மனதுக்குள் எண்ணினாள். காலையில் எழுந்ததிலிருந்து பள்ளிக்கூட வேன் கிளம்பும் வரை அம்மா எத்தனை வார்த்தை பேசுகிறாள் என்பதை அவள் பத்து நாட்களாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

தும்பிக்குப் பத்து வயது. ஓர் இடத்தில் நிற்கமாட்டாள் என்பதால் அப்பா வைத்த பெயர் அது. அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அம்மா ஆறு வருடம் ராணுவத்தில், தகவல் தொடர்புப் பிரிவில் இருந்தாள். காதில் ஹெட்போனும் கையில் மைக்குமாக, ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்குச் செய்தி சொல்கிற வேலை. விடுமுறைக்கு வருவாள், பையைப் பிரித்து முடிப்பதற்குள் கிளம்பிவிடுவாள். இரண்டு மாதத்துக்கு முன்புதான் பணியை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வீட்டுக்கு வந்தாள்.

வந்துவிட்டாள்தான். கட்டில் விரிப்பை மூலை மடங்காமல் இழுத்துவிடுகிறாள். தும்பியின் பென்சில்களை உயரவாரியாக அடுக்குகிறாள். காய்ச்சல் வந்தபோது விடிய விடியப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அன்பில் குறை ஒன்றும் இல்லை. பேச்சுதான் இல்லை.

முன்பு அப்படி இல்லை என்று தும்பிக்குத் தெரியும். அவளுக்கு நான்கு வயதிருக்கும்போது மாடியில் இருக்கும் சின்ன அறையில் அம்மாவுக்கு ஒரு ரேடியோ இருந்தது. பாட்டு கேட்கிற ரேடியோ இல்லை. கேட்கவும் பேசவும் முடிகிற ரேடியோ. ஹாம் ரேடியோ என்பார்கள். தேர்வு எழுதி உரிமம் வாங்கியவர்கள், எங்கெங்கோ இருக்கும் மற்ற உரிமக்காரர்களோடு சும்மா பேசுவதற்காக வைத்திருப்பது. சம்பளம் கிடையாது, பரிசு கிடையாது. பேசுவதுதான் பரிசு.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தும்பி அந்த மேசைக்கு அடியில், வயர்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பாள். அங்கிருந்து பார்த்தால் அம்மாவின் பாதங்கள் மட்டும் தெரியும். அம்மா பேசப் பேச ஒரு பாதம் இன்னொரு பாதத்தின் மேல் ஏறி இறங்கும். பெட்டிக்குள் இருக்கிற மனிதர்களுக்குப் பசிக்குமே என்று ஒருநாள் தும்பி தன் ரொட்டியை மேலே நீட்டினாள். அம்மா அதை அப்படியே மைக்கில் சொன்னாள். பெட்டிக்குள்ளிருந்து ஒவ்வொருவராக, “நன்றி கண்ணு, வயிறு நிறைஞ்சுது” என்றார்கள்.

இது உண்மையிலேயே தனக்கு ஞாபகம் இருக்கிறதா, அப்பா சொல்லிக் கேட்டதா என்று தும்பிக்கு நிச்சயமில்லை. ஆனால் பாதங்கள் ஞாபகம் இருந்தன. அது அப்பாவுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அம்மா திரும்பி வந்த மூன்றாவது வாரம், அப்பா பரணில் இருந்து பெட்டியை இறக்கினார். பழைய போர்வையில் சுற்றிக் கட்டியிருந்தது. கூடவே தூசும், செத்த பல்லி ஒன்றும் இறங்கின.

“உரிமத்தைப் புதுசா எடு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பேசு. எனக்கும் இந்த வீட்டுல யாராவது பேசிக் கேக்கணும் போல இருக்கு” என்றார் அப்பா.

“நான் பேசறேனே” என்றாள் தும்பி.

“நீ பேசறது போதும்மா. காது ரெண்டுதான் இருக்கு.”

பழைய உரிமம் காலாவதியாகியிருந்தது. அம்மா விண்ணப்பம் எழுதினாள். புது உரிமமும் அதில் புது அழைப்புக்குறியும் தபாலில் வந்தன. அழைப்புக்குறி என்பது ரேடியோவில் ஒருவருக்கு இருக்கிற அடையாளம். சில எழுத்து, ஓர் எண். பேசுகிறவர் யார் என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொள்வார்கள்.

மொட்டைமாடியில் ஏரியல் கம்பி கட்டியது ஒரு நாடகம். தண்ணீர்த் தொட்டியின் குழாயிலிருந்து படிக்கட்டுக் கூரை வரை கம்பியை இழுக்க வேண்டும். ஏணியில் அப்பா. கீழே அம்மா. “இழு. நிறுத்து. இடது. கட்டு.” அவ்வளவுதான் அம்மாவின் பேச்சு. கடைசியில் அப்பா ஏணி உச்சியிலேயே விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். ஏணி ஆடியது. அம்மா ஏணியை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

அம்மாவுக்குப் பழக்கமான பழைய ஆட்கள் இப்போது யாரும் இல்லை. ஒருவர் வேறு ஊருக்குப் போய்விட்டார், ஒருவருக்குக் காது மந்தமாகிவிட்டது. ஆனால் ஞாயிறு காலை ஏழு மணிக் கூட்டம் மட்டும் அதே அலைவரிசையில் நடந்துகொண்டிருந்தது. அதில் இப்போது மூன்று புதியவர்கள். கூட்டத்தை நடத்துகிறவர் கடிகாரம் பழுதுபார்க்கிறவர். மருந்துக்கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர். மூன்றாமவர் பல் டாக்டர்.

முதல் ஞாயிறு. அம்மா மேசை முன் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். தும்பி கதவோரம் நின்றாள். மேசைக்கு அடியில் போக வயது தாண்டிவிட்டது.

பல் டாக்டரின் ஏரியல் கம்பத்தில் காக்கை கூடு கட்டியிருந்தது. மூன்று முட்டை இட்டிருக்கிறதாம். கம்பத்தின் பக்கம் போனாலே தலையில் கொத்துகிறதாம், அதனால் அவர் ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் மொட்டைமாடிக்குப் போகிறாராம். உங்கள் கிளினிக்கில் பல் பிடுங்கிக்கொண்ட யாரோதான் காக்கையாக வந்திருக்கிறார்கள் என்றார் மருந்துக்கடை அக்கா. கடிகாரக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். தும்பிக்கும் சிரிப்பு வந்தது.

அப்போது அம்மா மைக்கின் பொத்தானை அழுத்தினாள். தன் அழைப்புக்குறியை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். பிறகு, “கேட்கிறது. தெளிவு. என்னிடம் செய்தி எதுவும் இல்லை. முடிவு” என்றாள்.

பெட்டிக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

“வணக்கம் மேடம்” என்றார் கடிகாரக்காரர். அதற்குப் பிறகு காக்கைப் பேச்சு பறந்துபோய்விட்டது. மூன்று பேரும் மாறி மாறித் தங்கள் அழைப்புக்குறியைச் சொன்னார்கள். இன்று வெப்பம் எவ்வளவு என்று சொன்னார்கள். பல் டாக்டருக்குத் திடீரென்று ஒரு நோயாளி வந்துவிட்டார். மருந்துக்கடை அக்காவுக்குப் பால் பொங்கிவிட்டது. ஏழேகாலுக்குக் கூட்டம் முடிந்தது.

இரண்டாவது ஞாயிறு இன்னும் மோசம். யாரும் சிரிக்கவே இல்லை. அம்மா ஒரு தாளில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, கடைசியில் உதவியாக இருக்கட்டும் என்று, “இரண்டாம் நிலையத்தின் ஒலியில் இரைச்சல் உள்ளது. கவனிக்கவும். முடிவு” என்றாள். இரண்டாம் நிலையம் என்றால் பல் டாக்டர். “உடனே சரி பண்ணிடறேன் மேடம்” என்றார் அவர்.

அன்று மத்தியானம் அம்மா ஹெட்போனின் வயரைச் சுருட்டி ரப்பர் வளையம் போட்டாள்.

“உங்க பள்ளிக்கூடத்துல அறிவியல் சார் ஒரு ரேடியோ வேணும்னு கேட்டுட்டு இருந்தார்னு சொன்னியே” என்றாள். “அவருக்கே குடுத்துடலாம்.”

தும்பிக்கு என்னவோ போல ஆகிவிட்டது. “ஏம்மா?”

“அது அவங்க கூட்டம். நான் போனா பேச்சு நின்னுடுது. வேண்டாம்.”

அம்மா இவ்வளவு நீளமாகப் பேசி வெகு நாளாயிற்று. அதுவும் இதைச் சொல்வதற்காக என்பதுதான் தும்பிக்குத் தாங்கவில்லை. அறிவியல் சார் அடுத்த ஞாயிறு எட்டு மணிக்குத் தள்ளுவண்டியோடு வருவதாக ஏற்பாடாயிற்று. அவர் சந்தோஷத்தில் ஆய்வகத்தில் ஒரு மேசையைக் காலி செய்து, துடைத்து, மேலே துணி கூட விரித்துவிட்டார்.

புதன்கிழமை சாயங்காலம். அம்மா ஒரு வேலை விஷயமாக வெளியே போயிருந்தாள். தும்பி மாடிக்குப் போனாள். ரேடியோவைக் கேட்க அவளுக்கு அனுமதி உண்டு. மைக்கின் பொத்தானைத் தொடத்தான் அனுமதி இல்லை. உரிமம் இல்லாதவர் தானாகப் பேசக் கூடாது என்று அம்மா முதல் நாளே சொல்லியிருந்தாள்.

ரேடியோவைப் போட்டதும் கடிகாரக்காரரின் குரலும் பல் டாக்டரின் குரலும் கேட்டன.

பல் டாக்டர் புலம்பிக்கொண்டிருந்தார். மூன்று நாளாகக் கேபிளை மாற்றி மாற்றிப் போடுகிறாராம், இரைச்சல் போகவில்லையாம். “எல்லாம் அந்த அதிகாரிக்காகத்தான். கம்பத்தை வேற வந்து அளந்தாங்கன்னா என்ன பண்றது? அனுமதிச்சதைவிட ரெண்டு அடி கூட இருக்குது.”

“அவங்க அதிகாரிதான்னு எனக்கு முதல் நாளே தெரிஞ்சு போச்சு” என்றார் கடிகாரக்காரர். “நீங்களே யோசிங்க. அழைப்புக்குறி புத்தம் புதுசு. நேத்து உரிமம் வாங்கினவங்க தடுமாறணுமா இல்லையா? இவங்க தூண் மாதிரி நிக்கறாங்க. ஒரு வார்த்தை அதிகம் இல்லை. நம்ம பேச்சையெல்லாம் கேட்டுட்டு கடைசியில குறை சொல்றாங்க. உரிம அலுவலகத்துலேர்ந்து நம்மளைக் கண்காணிக்க அனுப்பியிருக்காங்க.”

“நான் வாயைத் திறந்து வெச்சவங்ககிட்டயே பேசிப் பழகினவன். எதிர்ல ஒருத்தர் வாயையே திறக்கலைன்னா எனக்குக் கை நடுங்குது” என்றார் பல் டாக்டர்.

தும்பி வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா போனதும் பேச்சு நின்றது அம்மாவைப் பிடிக்காததால் இல்லை. பயத்தினால்.

மைக் அங்கேயே இருந்தது. பொத்தானை அழுத்தி, ‘அது எங்க அம்மா’ என்று மூன்று வார்த்தை சொன்னால் போதும். அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டாள். அம்மாவின் உரிமம் அது. அதில் தப்பு வரக் கூடாது. அவர்கள் பேசி முடிக்கும் வரை அப்படியே உட்கார்ந்திருந்ததில் விரல்கள் மரத்துப்போயின.

மறுநாள் காலை வேனில் அப்பாவிடம் மட்டும் சொன்னாள். மற்ற பிள்ளைகள் ஏறுவதற்கு இன்னும் இரண்டு தெரு இருந்தது. அப்பா சிரித்த சிரிப்பில் வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. அப்புறம் மெல்ல அவர் முகம் மாறிவிட்டது.

ரேடியோவில் முன்பெல்லாம் அம்மாவுக்கு வாயாடி என்றுதான் பெயராம். கலங்கரை விளக்கத்தில் வேலை பார்த்த ஒருவரோடு, கண்ணில் தண்ணீர் வராமல் வெங்காயம் நறுக்குவது எப்படி என்று முக்கால் மணி நேரம் பேசினாளாம். அப்பா தேநீர் கொண்டுபோய் வைப்பாராம், ஆறியதும் எடுத்துக்கொண்டு வந்து சூடாக்கி மறுபடி வைப்பாராம்.

“அப்புறம் ஏம்ப்பா இப்படி ஆயிட்டாங்க?”

அப்பா வேகத்தைக் குறைத்தார்.

“அங்க ரேடியோன்னா வேற, தும்பி. வேண்டியதை மட்டும்தான் சொல்லணும். ஒரு வார்த்தை அதிகமாச் சொன்னா, யாரு எங்க இருக்காங்கன்னு வேண்டாதவங்களுக்குத் தெரிஞ்சுடும். நீ கடிதத்துல அங்க மழையா வெயிலான்னு கேப்பியே, உங்கம்மா பதில் போட்டிருக்காளா?”

போட்டதில்லை. தும்பிக்கு அதில் கோபம் கூட இருந்தது. எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதும் அம்மா அதை மட்டும் ஏன் விட்டுவிடுகிறாள் என்று.

“மழைன்னு சொன்னா எந்தப் பக்கம்னு கண்டுபிடிச்சுடுவாங்க. ஆறு வருஷம் அப்படியே இருந்தா. வாய் அப்படியே பழகிடுச்சு.”

“அவங்க பயப்படறாங்கன்னு அம்மாகிட்ட நீங்க சொல்லுங்களேன்.”

“சொல்லலாம். ‘சரி’ன்னு ஒரு வார்த்தை சொல்லுவா. நம்மளால நாலு பேருக்குத் தொந்தரவுன்னு பெட்டியை இன்னைக்கே கட்டிடுவா.”

அது உண்மைதான். அம்மா அப்படித்தான் செய்வாள். முகத்தில் ஒன்றும் காட்டாமல் செய்வாள். அதன் பிறகு அவள் வேறு யாரிடமும் பேசிப் பார்க்கக்கூட மாட்டாள் என்று தும்பிக்குத் தோன்றியது. வேன் நின்றது. பிள்ளைகள் ஏறி, இடத்துக்குச் சண்டை போடத் தொடங்கினார்கள். தும்பி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து யோசித்தாள்.

அம்மா யார் பேச்சைக் கேட்பாள்? அப்பா பேச்சைக் கேட்கமாட்டாள். தும்பி பேச்சைப் பாதி கேட்பாள். விதி என்றால் மட்டும் மறுபேச்சு கிடையாது.

அன்று சாயங்காலம் தும்பி உரிமத்தோடு வந்த விதிப் புத்தகத்தை எடுத்தாள். எழுத்து எறும்பு அளவு இருந்தது. முதல் நாள் ஆறு பக்கம் படித்தாள், மூன்று கொட்டாவி விட்டாள். வெள்ளிக்கிழமை பதினேழாம் பக்கத்தில் அது கிடைத்தது. அங்கே பென்சிலால் மெல்லிசாக ஒரு கோடு போட்டு வைத்தாள்.

ஞாயிறு வந்தது. அம்மா பெட்டியைத் துடைத்து, கூட வேண்டிய வயர்களை ஓர் அட்டைப் பெட்டியில் அடுக்கி, என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எழுதி ஒட்டியிருந்தாள். ஏழு மணிக்கு மட்டும் ரேடியோவைக் கடைசியாகப் போட்டாள்.

“சொல்லாம போகக் கூடாது. நிலையத்தை முறையா மூடணும்” என்றாள்.

கடிகாரக்காரர் விறைப்பாகக் கூட்டத்தைத் தொடங்கினார். வெப்பம் இருபத்தெட்டு. மருந்துக்கடையில் வெப்பம் இருபத்தெட்டு. பல் டாக்டர் வீட்டிலும் இருபத்தெட்டு. அவர் குரலுக்குப் பின்னால் உர்ர்ரென்று அந்த இரைச்சல் இன்னும் இருந்தது.

அம்மா மைக்கை எடுத்தாள். தும்பி விதிப் புத்தகத்தை அவள் முன்னால் விரித்து, பென்சில் கோட்டின் மேல் விரலை வைத்தாள்.

‘உரிமம் பெற்றவர் அருகிலிருந்து அனுமதித்தால், உரிமம் இல்லாத ஒருவர் அவரது நிலையத்திலிருந்து சிறிது நேரம் பேசலாம்.’

அம்மா அதை ஒரு முறை படித்தாள். இன்னொரு முறை படித்தாள். தும்பியைப் பார்த்தாள்.

“என்ன பேசணும்?”

“ஒரு கேள்வி கேக்கணும். ஒண்ணே ஒண்ணு.”

விதி தெளிவாக இருந்தது. மறுக்க அதில் இடமில்லை. அம்மா பொத்தானை அழுத்தி, தன் நிலையத்திலிருந்து இன்னொருவர் பேசுவார், அனுமதி தன்னுடையது என்று அறிவித்தாள். பிறகு மைக்கைத் தும்பியின் கையில் கொடுத்தாள். அது எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது.

தும்பி பொத்தானை அழுத்தினாள். யோசித்து வைத்திருந்த வணக்கமெல்லாம் மறந்துபோயிற்று.

“காக்கா குஞ்சு பொரிச்சிடுச்சா?” என்றாள்.

பதில் வரவில்லை. வெகு நேரம் வரவில்லை. அம்மா குனிந்து, பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்த தும்பியின் கட்டைவிரலை மெதுவாக விலக்கினாள்.

“...எந்தக் காக்கா?” பல் டாக்டர் மிகவும் எச்சரிக்கையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“உங்க கம்பத்துல இருக்கே, அது. மூணு முட்டைன்னு சொன்னீங்க.”

“அந்தக் கம்பம் வந்து... அளவெல்லாம் கிட்டத்தட்ட சரியாத்தான்...”

“கம்பம் வேண்டாம். காக்காவைச் சொல்லுங்க.”

மருந்துக்கடை அக்காவுக்கு அடக்க முடியவில்லை. அவர் சிரிப்பு பெட்டியிலிருந்து கொட்டியது. “யாரும்மா நீ?” என்று சிரிப்புக்கு நடுவே கேட்டார்.

“தும்பி. அஞ்சாம் வகுப்பு. இது எங்க அம்மாவோட ரேடியோ.”

“அப்ப உங்கம்மா அதிகாரி இல்லையா?” என்றார் கடிகாரக்காரர்.

“அதிகாரியா?” என்றாள் அம்மா, மைக்கில் இல்லை, தும்பியிடம்.

தும்பி அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்துக்கொண்டே பொத்தானை அழுத்தினாள். பார்த்தால் பேச முடியாது.

“இல்லை. எங்கம்மா ஆறு வருஷம் ராணுவத்துல ரேடியோ பேசினாங்க. அங்க வேண்டியதை மட்டும்தான் சொல்லணும். மழை பெய்யுதுன்னு கூடச் சொல்லக் கூடாது. அந்தப் பழக்கம் இன்னும் போகலை. உங்களைக் குறை சொல்ல வரலை, உங்ககூடப் பேசத்தான் வந்தாங்க. இங்க எல்லாம் சொல்லலாம், இல்லையா?”

இம்முறை பொத்தானை மறக்காமல் விட்டாள்.

கடிகாரக்காரரின் குரலில் இப்போது விறைப்பு இல்லை. தப்பு தன்னுடையதுதான், அதிகாரி என்று கிளப்பிவிட்டதே தான்தான் என்றார். ஐந்து வருடமாக இந்தக் கூட்டத்தில் வேண்டிய விஷயம் ஒன்றைக்கூடத் தாங்கள் பேசியதில்லை என்றும் சொன்னார். “வேண்டாதது பேசத்தான் மேடம் நாங்க கூடறதே.”

“இனி மேடம் வேண்டாம். அக்கான்னு கூப்பிடலாம்” என்றார் மருந்துக்கடை அக்கா.

பல் டாக்டர் கம்பம் இரண்டு அடி அதிகம் என்பதை அவராகவே சொல்லிவிட்டார். குஞ்சுகள் பறந்ததும் இறக்கிவிடுவதாகவும், இப்போது மூன்றில் இரண்டு பொரித்திருப்பதாகவும், ஒவ்வொன்றும் தலையைவிட வாய் பெரிதாக இருப்பதாகவும் சொன்னார். “ஆனா அந்த இரைச்சல்தான் போகலை. மூணு கேபிள் மாத்தியாச்சு.”

அம்மா மைக்குக்காகக் கையை நீட்டினாள். தும்பி கொடுத்தாள்.

“கேபிள் இல்லை” என்றாள் அம்மா. கொஞ்சம் நிறுத்தினாள். “உங்க தலைக்கு மேல மின்விசிறி ஓடுதா?”

“ஓடுது.”

“நிறுத்திப் பாருங்க.”

டக் என்று ஒரு சத்தம். உர்ர் மெல்ல மெல்லத் தணிந்து அடங்கியது. மூன்று கேபிளையும் வைத்துக்கொண்டு இனி என்ன செய்வது என்று கேட்டார் பல் டாக்டர். துணி காயப் போடலாம் என்றார் மருந்துக்கடை அக்கா. அம்மாவின் உதடு ஓரத்தில் ஏதோ அசைந்தது.

“அக்கா, உங்க பக்கம் வானம் எப்படி இருக்கு?” என்று மருந்துக்கடை அக்கா கேட்டார். எல்லோரும் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்.

அம்மா ஜன்னலைப் பார்த்தாள். பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் சொல்லாமல் விட்டாள். மறுபடி அழுத்தினாள். ஒரு சின்ன வாக்கியம்தான். ஆனால் அது ஆறு வருடக் கதவை இடித்துத் திறந்துகொண்டு வர வேண்டியிருந்தது.

“மேகம் இருக்கு” என்றாள் அம்மா. “கிழக்குப் பக்கம் நல்லா இருட்டிட்டு வருது. மழை வரும்னு நினைக்கறேன். மொட்டைமாடியில துணி காயுது. எடுக்கணும்.” கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “ஆனா எழுந்துக்க மனசில்லை.”

“எழுந்துக்காதீங்க” என்றார்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில். மூன்று குரலும் மோதி, பெட்டி கீச்சென்று கத்தியது.

தும்பி துணி எடுக்க ஓடினாள். காற்று பலமாக வீசியது. விரிப்புகளை இழுத்து, சட்டைகளை உருவி, கை கொள்ளாமல் அள்ளிக்கொண்டு படியிறங்கினாள். மாடி அறையைத் தாண்டும்போது அம்மா தன் பழைய முகாமில் இருந்த ஒரு நாயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது யாருடைய காலுறையைத் திருடினாலும் ஒற்றைக் காலுறைதான் திருடுமாம். அப்படி ஒரு நாய் இருந்தது என்பதே தும்பிக்கு இப்போதுதான் தெரியும். பாதிக் கதையில் நிற்க ஆசையாக இருந்தது. ஆனால் கீழே யாரோ கதவைத் தட்டினார்கள்.

அறிவியல் சார் நின்றுகொண்டிருந்தார். பின்னால் தள்ளுவண்டி. அதில் பெட்டியைச் சுற்றுவதற்கு ஒரு கம்பளி, கட்டுவதற்குக் கயிறு. தலை வாரி, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

“அம்மாவைக் கூப்பிடும்மா. மழைக்கு முன்னாடி எடுத்துட்டுப் போயிடறேன்.”

தும்பிக்கு ஆய்வகத்தில் விரித்திருந்த துணி நினைவுக்கு வந்தது. அவர் பாவம். நல்லவர். அவள் துணி மூட்டையை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, மறு கையால் நாற்காலியை இழுத்து அவருக்குப் போட்டாள்.

“உட்காருங்க சார்.”

“உட்கார நேரமில்லை. மேலேதானே இருக்காங்க? ஒரு குரல் குடு, போதும்.”

மாடியிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. நாய் இப்போது பெரிய அதிகாரியின் அறைக்குள் போய்விட்டது போலிருந்தது. அம்மா நடுவில் நிறுத்தி, இல்லையில்லை, அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்ல மறந்துவிட்டேன் என்று, முதலிலிருந்து தொடங்கினாள்.

தும்பி மாடிப்படியின் கடைசிப் படியில் துணிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். படி முழுவதையும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“மன்னிச்சுக்குங்க சார்” என்றாள் மெல்ல. “இப்ப அம்மாவைக் கூப்பிட மாட்டேன்.”